நான்கு மடங்கு போதும்

மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கும்போது
பையில் ஐயாயிரத்து இருநூறு இருந்தது.
பாதிக்கு மேல் சீட்டுப் பணம்.
மற்றது, ஞாயிற்றுக்கிழமைகளில்
கோவண்டியில் மாடி மாடியாய் ஏறி
ரத்தம் எடுத்த கூலி.
எவ்வளவு இருக்கு என்று ஜெமிமா கேட்கவில்லை.
பதின்மூன்று வயதில்
கேட்காமலிருக்கத் தெரிந்துவிட்டது
எனக்குப் பிடிக்கவில்லை.

முஃபத்தல் பாய் கடை வாசலில்
மழையில் ஊறிய சாக்கு. உள்ளே எண்ணெய் வாசம்.
"பையன் சுடுகிறானா?" என்றார் இந்தியில்.
"நான்தான்" என்றாள் மராத்தியில்.
அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

பில் புத்தகங்களின் மேல்
ஒவ்வொன்றாய்ப் படுக்கவைத்தார்.
ஆயிரத்து நானூறுக்கு ஒன்று, பளபளவென்று.
அவரே தலையாட்டினார்:
ஸ்பிரிங் துப்பாக்கி பின்னாலும் உதைக்கும்,
முன்னாலும் உதைக்கும்,
இருநூறு குண்டுக்குள் உள்ளே கோடு கழன்றுவிடும்.
இன்னொன்று காட்டில் நூறு கஜத்துக்குச் செய்தது.
கிட்டங்கியின் கடைசிச் சுவரில், பத்து மீட்டர் தள்ளி,
தொங்கிய காலண்டர்
அதில் தயிராய்க் கலங்கியது.

மூன்றாவது, டார்ச் போல முகம்,
பதினாறு மடங்கு, சிவப்பு விளக்கு,
நாலாயிரத்துத் தொள்ளாயிரம்.
வாங்கிக்கோ, இருக்கு என்றேன்.
கடைத் துப்பாக்கியில் மாட்டித் தோளில் ஏற்றினாள்.
மூச்சை விட்டாள். பாதியில் நிறுத்தினாள்.
வெகுநேரம் நிறுத்தினாள்.
"அம்மா, இதுல என் நெஞ்சு அடிக்கிறது தெரியுது.
ஒவ்வொரு அடிக்கும் கோடு
வெள்ளிக்கிழமையிலிருந்து சனிக்குத் தாவுது."

நாள் முழுக்க முன்பின் தெரியாதவர் கையில்
நரம்பு தேடுபவள் நான்.
ஒரே குத்தில் எடுப்பாள் என்று
ஆஸ்பத்திரியில் எனக்குப் பெயர்.
என் பிள்ளையின் நெஞ்சு அடிப்பதை
ஒரு குழாய் சொல்லித்தான்
அன்று கேட்டேன்.

அவளும் பாயும் பேரம் அல்லாத ஏதோ பேச்சில் இருக்க
மேசையில் கிடந்த பழையது ஒன்றை எடுத்து
சும்மா வாசல் பக்கம் பார்த்தேன்.
எதிர்க் கட்டடம், மூன்றாம் மாடி,
ஈரத்தலையைத் துவட்டும் ஒரு பெண்.
குறுக்குக் கோடு அவள் கழுத்தில் நின்றது.
சுட்டுக்கொண்டதுபோல் கீழே வைத்தேன்.
"எல்லாரும் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள்" என்றார் பாய்,
தலை நிமிராமலே.
இவள் ஒருமுறைகூட ஜன்னலைப் பார்க்கவில்லை.

நான் வைத்த அந்தப் பழையதைத்தான் எடுத்தாள்.
யாரோ திருப்பிக் கொடுத்தது. உடம்பெல்லாம் கீறல்.
கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது,
நான்கு மடங்கு, அவ்வளவுதான்.
ஆனால் முன்வளையத்தைத் திருப்பினால்
பத்து மீட்டருக்கு இறங்கி வந்தது.
தலையை இடம் அசைத்தாள், வலம் அசைத்தாள்.
கண் நகர்ந்தது.
பதினான்காம் தேதியை விட்டுக் கோடு நகரவில்லை.
"இது போதும்."
"காசுக்காகச் சொல்றியா?"
பதில் இல்லை. இன்னொரு முறை தலையை அசைத்துப் பார்த்தாள்.

மூவாயிரத்து அறுநூறை
மூவாயிரத்து நானூற்றைம்பது ஆக்கினேன்.
மூடி இல்லை.
பாய் எங்கிருந்தோ ஒரு மருந்து பாட்டில் மூடியைத் தேடி
அழுத்திப் பார்த்தார். பொருந்தியது.

ரயிலில், பள்ளிக்கூடச் சாக்ஸுக்குள் அதைப் போட்டு
மடியில் வைத்துக்கொண்டாள்.
விரல் மட்டும் உள்ளே.
இருபது க்ளிக் மேலே, இருபது க்ளிக் கீழே.
"கிளம்பின இடத்துக்கே வருதான்னு பார்க்கணும்.
வராட்டி விலை எவ்வளவா இருந்தாலும் குப்பை."
ஞாயிறன்று மாவட்டப் போட்டி,
கட்கோபரில், ஒரு மோட்டார் பட்டறையின் மாடியில்.
மிச்சப் பணத்தில் குண்டு டப்பாக்கள்,
அப்புறம் கேஸ் சிலிண்டர், அது வரட்டும்.

வடாலா தாண்டியதும்
என் தோளில் சாய்ந்து கண்ணை மூடினாள்.
பழக்க தோஷம்,
மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தேன்.
குர்லா வரை போயிருக்கும்.
தூங்கவில்லை போலிருக்கிறது.
"எண்ணாதம்மா" என்றாள்,
"எண்ணினா ஏறும்."